தேக்கா ஈரச்சந்தை: எட்டு மாத வாடிக்கைக்காரன் எழுதுவது

நான் பவானிக்காரன். பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் மீன் என்றால் கட்லா, ரோகு, ஜிலேபி, எப்போதாவது மேட்டூர் அணையிலிருந்து வரும் கெளுத்தி. கடல் மீன் ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வரும். அம்மா அதைத் தொடமாட்டார். "எப்பப் பிடிச்சதோ, யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு ஆற்று மீன் கூடை பக்கம் போய்விடுவார்.

போன மே மாதம் என் மனைவிக்குச் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் வேலை கிடைத்தது. நானும் வேலையை விட்டுவிட்டு ஐந்து வயது மகளோடு வந்து சேர்ந்தேன். பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடு. சமையலறை ஜன்னலில் நின்றால் தூரத்தில் ஜொகூர் நீரிணை ஒரு கீற்றாகத் தெரியும். என்னுடையது டிபென்டன்ட் பாஸ், இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் அட்டை. 2021 மே மாதத்திலிருந்து அந்த அட்டை வைத்திருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். என்னை எடுக்கிற நிறுவனம்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கிறது. மற்றபடி வீடு, சமையல், மகளைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டு அழைத்து வருவது எல்லாம் என் பொறுப்பு.

மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சந்தையை இங்கே ஈரச்சந்தை என்பார்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா ஈரச்சந்தையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே யார் போகிறார், எதற்காகப் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். ஊர் தெரியாமல் வந்து இறங்கியவனுக்கு அது எப்படி இருந்தது என்பதைத்தான் நான் எழுத முடியும்.

முதல் ஒரு மாதம் எல்லாமே கைபேசியில் ஆர்டர்தான். அரிசி, பால், காய், மீன், எல்லாம் வாசலுக்கு வரும். ஒரு நாள் கானாங்கெளுத்தி போட்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் வரும் என்று சொன்ன பை பதினொன்றுக்கே வந்துவிட்டது. நான் மகளை அழைத்து வரப் போயிருந்தேன். வெயில் அடிக்கும் தாழ்வாரத்தில் பை ஒன்றரை மணி நேரம் கிடந்திருக்கிறது. திறந்து பார்த்தபோது ஐஸ் பொட்டலம் தண்ணீராகிக் கிடந்தது. மீனில் பெரிய வாடை இல்லை. கழுவி, மஞ்சள் தடவி, பொரித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மகளின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. தலைவலி என்று அழுதாள். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டதே "என்ன மீன் சாப்பிட்டாள்?" என்றுதான். இது மீன் ஒவ்வாமையாக இருக்காது, கெட்ட மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் என்றார். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு பொரித்தாலும் அது போகாது. சில மணி நேரத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. பதினோரு வருடம் ஆய்வகத்தில் வெப்பநிலையும் நேரமும் எழுதி எழுதி வைத்தவன் நான். என் வீட்டு வாசலில் அதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு மனைவி கேட்டாள்: "உங்களை இங்க கூட்டிட்டு வந்து, வேலையும் இல்லாம, தனியா உக்கார வெச்சுட்டேனாங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரோடு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நான் பேசியதில்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் மாடியில் சிங்கப்பூர்த் தமிழ் அக்கா ஒருவர் இருக்கிறார். மறுநாள் லிப்டில் பார்த்தபோது "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இங்கே இப்படித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. மீன் கதையைச் சொன்னேன். "மீனை ஏன் போன்ல வாங்குறீங்க? தேக்காவுக்குப் போங்க. கண்ணால பாத்து வாங்குங்க. திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க, பாதி மீன் கடை இருக்காது" என்றார்.

பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியா வடகிழக்கு ரயில் பாதையில் பத்தாவது நிலையம். கிட்டத்தட்ட அரை மணி நேரம், ஒரு வழிக்கு ஏறத்தாழ இரண்டு வெள்ளி ஆகும். வெள்ளி என்றால் டாலர். இங்கே தமிழர்கள் டாலர் என்று சொல்வதைவிட வெள்ளி என்று சொல்வதுதான் அதிகம், சென்ட்டைக் காசு என்பார்கள். எக்சிட் சி வழியாக மேலே வந்தால் பஃபலோ ரோடு. பூக்கடை, காய்கறிக்கடை, வாழையிலைக் கட்டு எல்லாம் நடைபாதை ஓரத்திலேயே தொடங்கிவிடும். சந்தைக் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது.

பஃபலோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க மாட்டுத் தொழுவங்களாக இருந்திருக்கிறது. மலாயில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப்பட்டி. பக்கத்திலிருக்கும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் 'கேகே'யும் அதே எருமைப்பட்டிதான். பழைய சந்தை 1915-ல் கட்டப்பட்டது, அதற்கும் இந்தப் பெயர்தான் இருந்தது. 1982-ல் கடைகள் இப்போதைய கட்டடத்துக்கு வந்தன. மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் பேச்சு வழக்கிலிருந்து வந்ததுதான் தேக்கா. புதுக் கட்டடத்துக்கு அதையே மாண்டரினில் ஜுஜியாவ் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். சனங்கள் அதை ஏற்கவில்லை, தேக்கா என்றே சொல்லி வந்தார்கள். 2000-ல் தேக்கா என்ற பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. இதை எனக்குச் சொன்ன மீன்கடை அங்கிள் பழைய சந்தையில் தன் அப்பாவுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்தவர்.

அவரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். சீனர், எழுபது வயது இருக்கும். முதல் நாள் நான் மீன் வரிசையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு மீனும் அடையாளம் தெரியவில்லை. பலகைகளில் எழுதியிருந்த பெயர்களும் புரியவில்லை. பாத்தாங், குராவ், செலார், சியாக்காப். திடீரென்று "தம்பி, கறியா, பொரிக்கவா?" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் இவர். கொஞ்சம் தமிழ், நிறைய மலாய், நடுநடுவே ஆங்கிலம். வாடிக்கைக்காரர்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றதாகச் சொன்னார்.

கறி என்றேன். எத்தனை பேர் என்றார். மூன்று, ஒரு குழந்தை என்றேன். குழந்தைக்கு மீன் சாப்பிட்டு உடம்பு சிவந்துபோன கதையையும் முதல் சந்திப்பிலேயே கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு நீளமான வெள்ளி நிற மீனை எடுத்து வைத்தார். "குராவ். சின்னப் புள்ளை கஞ்சிக்கு இதான்." நம் ஊரில் காலா என்பார்கள். வெள்ளைச் சதை, முள் குறைவு. இங்கே சீனக் குடும்பங்களில் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் முதல் மீன்களில் இது ஒன்று. விலை அதிகம்தான். முழு மீனும் வேண்டாம், நடுவில் இரண்டு துண்டு போதும் என்று அவரே சொன்னார். விற்கிறவர் குறைத்து வாங்கச் சொல்கிறார் என்றதும் அந்த இடத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை போனேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயில் ஏறினால் ஒன்பதேகாலுக்குச் சந்தைக்குள் இருப்பேன். பதினொன்றரைக்கு வீடு திரும்பிவிடலாம். தோளில் ஐஸ் பை, ஒரு சின்ன குறிப்பேடு. ஒவ்வொரு மீனுக்கும் இங்கே என்ன பெயர், ஊரில் என்ன பெயர், எதற்கு நல்லது என்று அங்கிளிடமும் பக்கத்தில் நிற்கும் அக்காமார்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். நம் வஞ்சிரம் இங்கே பாத்தாங், தெங்கிரி என்று இரண்டு பெயரில் வரும். இரண்டும் ஒரே குடும்பம். கானாங்கெளுத்தி கெம்போங். கொடுவா சியாக்காப். வாவல் பாவால், அதில் வெள்ளையும் கறுப்பும் தனித்தனி விலை. கணவாய் சோத்தோங். திருக்கை பாரி. நெத்திலி பிலிஸ். சங்கரா வகைச் சிவப்பு மீன் இக்கான் மேரா, அதன் தலைதான் மீன் தலைக் கறிக்குப் போகிறது. தலை வேண்டும் என்றால் சீக்கிரம் போக வேண்டும், பத்து மணிக்கு மேல் கிடைக்காது.

மீன் எங்கிருந்து வருகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. இது கடலோர நகரம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும். ஆனால் கரையில் வலை காயப்போட்டிருக்கும் ஆள் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. மீனும் பெரும்பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் நடுராத்திரிக்கு மேல் மொத்த வியாபாரம் நடக்கிறது. நான் மனைவிக்குக் காபி போடும் நேரத்துக்கு அங்கிள் அங்கே வாங்கி முடித்து, தேக்கா வந்து, பலகையில் ஐஸ் பரப்பியிருப்பார். இங்கேயே வளர்வதும் உண்டு. ஜொகூர் நீரிணையில், பூலாவ் உபின் பக்கம், கூண்டு கட்டி கொடுவாவும் களவாவும் வளர்க்கிறார்கள். என் சமையலறை ஜன்னலில் தெரியும் அந்தக் கீற்றுத் தண்ணீரில் மீன் வளர்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

மீன் பார்த்து வாங்க அங்கிள் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். கண் தெளிவாக, உப்பி இருக்க வேண்டும், குழி விழுந்திருந்தால் வைத்துவிடலாம். செவுளைத் தூக்கினால் உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு கூடாது. விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். வாடையில் கடல் இருக்கலாம், மூக்கில் ஏறும் காரம் இருக்கக்கூடாது.

அந்தக் கடைசி விஷயத்தில் என் பழைய வேலை கைகொடுத்தது. கடல் மீனின் உடம்பில் உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்காக டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்று ஒன்று இருக்கும், அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. நாம் மீன் நாற்றம் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அது காரத்தன்மை உள்ள பொருள், அதனால் புளியோ எலுமிச்சையோ பட்டால் அடங்கிவிடும். ஆற்று மீனின் சேற்று வாடை வேறு. அது தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினால் வருவது, அதுவும் புளிப்பில் குறையும். அம்மா கட்லாவைக் கெட்டிப் புளியில் போடுவதும் நாகப்பட்டினத்துக்காரர் வஞ்சிரத்தைப் புளியில் போடுவதும் ஒரே புளிதான், ஆனால் அது போராடுவது வேறு வேறு ஆளோடு. இதை அங்கிளிடம் பாதி மலாய், பாதி கை ஜாடையில் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஃப்ரெஷ் மீனுக்குப் புளி கொஞ்சம் போட்டா போதும்" என்றார். அவர் சொன்னபடி புளியைப் பாதியாகக் குறைத்தேன். அன்று வைத்த குழம்பில்தான் எனக்கு முதன்முதலாக வஞ்சிரத்தின் ருசி தெரிந்தது.

மீன் வரிசைக்கு அடுத்தபடியாக நான் தவறாமல் நிற்பது ஈர மசாலா விற்கும் அக்காவிடம். சட்டி சட்டியாக அரைத்த விழுது வைத்திருப்பார், மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம்-சோம்பு, இஞ்சி, பூண்டு. "என்ன மீன், எத்தனை பேரு, காரம் எப்படி?" இந்த மூன்று கேள்விதான். பதில் சொன்னால் கரண்டியால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார், இரண்டு மூன்று வெள்ளி ஆகும். அதைத் தேங்காய்ப் பாலில் கரைத்தால் குழம்பு தயார். ஊரிலிருந்து கொண்டுவந்த எங்கள் கிரைண்டரின் கல்லை வீடு மாற்றும் நிறுவனத்தார் உடைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள், இன்றுவரை அதற்கு இழப்பீடு வரவில்லை. அதனால் இந்த அக்காவின் சட்டிகளுக்கு எங்கள் வீட்டில் பெரிய மதிப்பு. அவர் மசாலாவில் சோம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கொங்கு நாக்குக்கு அது பழக நாளாகும். "சோம்பு பாதி போடுங்க அக்கா" என்று சொன்னால் பாதிதான் போடுவார். சட்டிகளைக் கண்ணாடி வைத்து மூடி வைத்தால் நன்றாக இருக்கும், ஈ வருகிறது.

தேங்காய் பக்கத்திலேயே மெஷினில் துருவித் தருகிறார்கள், நின்று வாங்கலாம்.

காய்கறி நன்றாகவே இருக்கிறது. முருங்கைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, சுண்டைக்காய், பச்சை மொச்சை எல்லாம் கிடைக்கும். கோஸ், பீன்ஸ் மாதிரி மலைக்காய்கள் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வருபவை. தண்டுக்கீரையும் வள்ளைக்கீரையும் தினமும் புதிதாக இருக்கும். ஆனால் தக்காளி, உருளை, வெங்காயத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வீட்டுப் பக்கத்துப் பேரங்காடியில் அதே விலை, சில நாள் அதைவிடக் குறைவு. நான் அங்கே காய் வாங்குவதற்கு ஒரு காரணம் கொசுறு. காய்க்கார அண்ணன் கணக்குப் போட்டு முடித்ததும் ஒரு பிடி கறிவேப்பிலையை எடுத்துப் பைக்குள் திணிப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். முதல்முறை அவர் அப்படிச் செய்தபோது பவானி சந்தையில் அம்மாவின் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது, கொஞ்ச நேரம் ஓரமாக நின்றுவிட்டுத்தான் ரயிலுக்குப் போனேன்.

ஆட்டிறைச்சிக்குத் தேக்கா பெயர்போனது. ஆஸ்திரேலிய ஆடு, இந்திய முஸ்லிம் கடைகள், கேட்ட பகுதியைக் கேட்டபடி வெட்டித் தருவார்கள். நாங்கள் மாதம் ஒரு தடவைதான் வாங்குகிறோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்றி இறைச்சி தனிப் பகுதி. மாடியில் சேலை, பஞ்சாபி உடை, தையற்கடைகள் இருக்கின்றன. மகளின் பள்ளிப் பாவாடையை அங்கே சுருக்கித் தைத்தோம், ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். சந்தையை ஒட்டிய உணவங்காடியில் காலை நேரத்துக்கு அப்பமும் தோசையும் நன்றாக இருக்கும். நான் ஒரு தே-ஓ கோசோங் வாங்கிக்கொண்டு, மீன் பையைக் காலடியில் வைத்து, பத்து நிமிடம் உட்காருவேன். பால், சர்க்கரை இல்லாத தேநீர் அது. பிரியாணிக் கடைகளில் மதியம் வரிசை நீளமாகிவிடும், பதினொன்றரைக்குள் போனால் நிற்க வேண்டியதில்லை.

இனிக் குறைகள். போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தரை எப்போதும் ஈரம். வழுக்காத ரப்பர் செருப்பு இல்லாமல் போகாதீர்கள், குழந்தையைக் கூட்டிப் போனால் கையை விடாதீர்கள். காற்றோட்டம் போதாது, மீன் வரிசையில் பத்து மணிக்கே சட்டை நனைந்துவிடும். பல கடைகளில் விலைப்பலகை கிடையாது. புதிதாகப் போகிறவர் கேட்கத் தயங்கினால் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வரலாம், ஒரே மீனை மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முழு மீனின் எடைக்குத்தான் விலை, தலையும் குடலும் நீக்கி வீட்டுக்கு வருவது அதைவிடக் குறைவாக இருக்கும். எனக்கு முதலில் அது ஏமாற்று என்று தோன்றியது. பிறகுதான் எல்லாக் கடைக்கும் அதுவே முறை என்று புரிந்தது.

உண்மையாகவே ஒரு தடவை ஏமாந்தேன். ஒரு கடையில் உறைநிலையிலிருந்து உருக்கிய இறாலைப் புது இறால் என்று விற்றார்கள். வீட்டில் வேகவைத்ததும் பாதியாகச் சுருங்கிப் பஞ்சுபோல் ஆகிவிட்டது. மறுவாரம் போய்ச் சொன்னேன், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கடைப் பக்கம் இப்போது போவதில்லை. இறாலின் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தலை தொங்கினாலோ கறுத்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். வேலையிடங்களில் விடுப்புக் கிடைக்கும் நம் ஊர்த் தம்பிகளும் வங்காளதேசத்துத் தம்பிகளும் லிட்டில் இந்தியாவுக்கு வந்து சேரும் நாள் அது. அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே நாள். மீன் வாங்குவதற்கு நமக்கு மற்ற நாட்கள் இருக்கின்றன.

விலை நிலவரம் பருவத்தோடு ஏறி இறங்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் மலேசியக் கிழக்குக் கரையில் படகுகள் அதிகம் போகாது, அப்போது மீன் குறைந்து விலை ஏறும். சாதாரண நாட்களில் கெம்போங் எங்கள் வீட்டு வரவுசெலவுக்குள் வந்துவிடும், பாத்தாங் அதைப்போல் இரண்டு மடங்கு, வெள்ளை வாவல் விசேஷ நாளுக்கு மட்டும்தான். கெம்போங்கை நான் விட்டுவிடவில்லை. மகளுக்கு அது மிகவும் பிடிக்கும். அங்கிளின் ஐஸிலிருந்து என் ஐஸ் பைக்கு, பையிலிருந்து நேராகக் குளிர்பெட்டிக்கு, அன்றைக்கே சமையல். இதுவரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேரங்காடியில் சுத்தமாக, விலை ஒட்டி, தட்டில் வைத்து இதே மீன் கிடைக்கிறதே, இதற்காக ஏன் அரை மணி நேரம் ரயிலில் போக வேண்டும் என்று கேட்கலாம். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு என் பதில் பேரங்காடிக்கே போங்கள் என்பதுதான். தேக்கா மீன் கடைகள் மதியத்துக்குள் ஓய்ந்துவிடும், உங்களுக்கு அது ஒத்துவராது. ஆனால் மனைவியின் வேலைக்காகவோ கணவரின் வேலைக்காகவோ இந்த ஊருக்கு வந்து, பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால் என் பதில் வேறு. பேரங்காடியில் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மாதத்துச் சாமானை வாங்கிவிடலாம், நான் வாங்கியிருக்கிறேன். தேக்காவில் வாய் திறக்காமல் ஒரு கெம்போங்கூட வாங்க முடியாது. என்ன மீன், எதற்கு, எத்தனை பேருக்கு, வெட்டவா வேண்டாமா, வாலா நடுவா, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது, இத்தனைக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு அது தேவையாக இருந்தது.

அப்பா தினமும் ராத்திரி போன் செய்வார். "கண்ணு, இன்னிக்கு என்ன பண்ணுன?" என்று கேட்பார். அந்த முதல் மாதம் அந்தக் கேள்விக்குப் பயந்து போனை மகளிடம் கொடுத்துவிடுவேன். வேலைக்குப் போகாத மகன் என்று அவர் நினைப்பாரோ என்று. இப்போது நான் மீன் சொல்கிறேன். இன்றைக்குத் திருக்கை வந்திருந்தது, நெத்திலி வெள்ளிபோல் மின்னியது, அங்கிளின் பேத்தி பரீட்சை பாஸ் செய்துவிட்டாள் என்று. அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். போன வாரம், "ஏப்ரல்ல நாங்க வர்றப்ப அம்மாவை அந்தக் கடைக்குக் கூட்டிப் போ, கடல் மீனை நம்புறாளான்னு பாக்கலாம்" என்றார்.

மனைவி இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே "இன்னிக்கு என்ன மீனுங்க?" என்று செய்தி அனுப்பிவிடுகிறாள்.

இதை எழுதும்போது சீனப் புத்தாண்டுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. வெள்ளை வாவல் விலை கிடுகிடுவென ஏறிக்கொண்டிருக்கிறது. புத்தாண்டு விருந்தில் மீன் இல்லாமல் இருக்கக்கூடாது, சீனத்தில் மீனுக்கும் மிச்சம், நிறைவு என்பதற்கும் ஒரே ஒலி. இந்த வாரம் வாவல் வாங்க வேண்டாம், பாத்தாங் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தாண்டுக்குப் பிறகு மீன் கடைகளில் பல சில நாள் மூடியிருக்கும், புதிதாக வந்தவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிள் பத்து நாள் கடை திறக்கமாட்டாராம், மலேசியாவில் ஈப்போ நகரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போகிறார். செவ்வாய்க்கிழமை இரண்டு கிலோ பாத்தாங் துண்டு போட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மகள் தன் பங்குக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறாள், அதை அங்கிளிடம் கொடுக்க வேண்டும், நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு.